போட்டோகிராபருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்: படங்களின் உரிமையைப் பேசி முடிப்பது எப்படி

என் சித்தப்பாவின் மகளுக்குத் திருவொற்றியூரில் திருமணம் முடிந்து எட்டு மாதங்கள் கழித்து, தண்டையார்பேட்டையில் ஓர் அழகு நிலையத்தின் வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் பேனரில் அவளுடைய முகத்தைப் பார்த்தோம். நெற்றிச்சுட்டியும் ஜடைப்பூவுமாக முகூர்த்தத்தன்று எடுத்த படம் அது. அந்த அழகு நிலையத்துக்கும் எங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. படமெடுத்த ஸ்டூடியோவில் கேட்டபோது, அட்வான்ஸ் வாங்கிய அன்று போட்ட பில்லின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். எடுக்கும் படங்கள் அனைத்தும் ஸ்டூடியோவுக்கே சொந்தம் என்றும், அவற்றை விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை ஸ்டூடியோவுக்கு உண்டு என்றும் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே சித்தப்பாவின் கையெழுத்து. பலமுறை நடந்து, பேசி, பேனரை இறக்க வைத்தோம். அந்தக் கையெழுத்து இல்லாதிருந்தால் அவ்வளவு நடக்க வேண்டியிருந்திருக்காது.

பாரிமுனையில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒப்பந்தங்களைத் தயாரிக்கும் வேலையில் நான் இருக்கிறேன். அதன் பிறகு எங்கள் பகுதியில் கல்யாணமோ, காதுகுத்தோ, மஞ்சள் நீராட்டோ வைத்திருப்பவர்கள் பில்லை எடுத்துக்கொண்டு வந்தால், ஒவ்வொரு வரியாக உடன் உட்கார்ந்து படிக்கிறேன். அப்படிப் படித்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

சட்டம் முதலில் யார் பக்கம் நிற்கிறது

படமெடுத்தவருக்குத்தான் படம் சொந்தம் என்று பல போட்டோகிராபர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். பல நாடுகளில் அதுதான் சட்டம் என்பதால், அங்கிருந்து இணையத்தில் வரும் மாதிரி ஒப்பந்தங்களும் அப்படித்தான் இருக்கின்றன. இந்தியாவின் நிலை வேறு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் படமெடுத்தவரையே அதன் படைப்பாளி என்கிறது. ஆனால் 17-ஆம் பிரிவின் (ஆ) விதிவிலக்கு, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டுக்கொண்டதன் பேரில் எடுக்கப்படும் நிழற்படத்துக்கு, வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாத வரையில், அப்படிக் கேட்டுக்கொண்டவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் என்று சொல்கிறது. திருமண வீடியோவுக்கும் இதே விதிதான்.

ஆகவே பேச்சுவார்த்தை தொடங்கும்போது உரிமை உங்கள் கையில்தான் இருக்கிறது. "வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாத வரையில்" என்ற அந்த ஒரு சொற்றொடர்தான் பில்லின் பின்பக்கத்தில் வேலை செய்கிறது. நீங்கள் புதிதாக எதையும் பெறப் போவதில்லை, இருப்பதைக் கையெழுத்தின் மூலம் இழக்காமல் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள் என்ற தெளிவோடு போய் உட்கார்ந்தால், பேச்சின் தன்மையே மாறிவிடும்.

இந்த விதி உங்களைக் காப்பாற்றாத இடங்களும் உண்டு. நண்பர் ஒருவர் காசு வாங்காமல், அன்பளிப்பாகப் படமெடுத்துக் கொடுத்தால், அங்கே பணம் கைமாறவில்லை. எனவே உரிமை அவருடையதாகவே இருக்கும். இரண்டாவது இடம் இதைவிட அடிக்கடி நேர்கிறது. மண்டபம், சமையல், மேடை அலங்காரம், போட்டோ, வீடியோ எல்லாம் சேர்த்து ஒரே தொகைக்கு ஒரு காண்ட்ராக்டரிடம் விட்டுவிட்டால், போட்டோகிராபரை வைத்துப் பணம் கொடுப்பவர் அந்தக் காண்ட்ராக்டர்தான். அப்போது முதல் உரிமையாளர் நீங்கள்தானா, அவரா என்ற கேள்வி எழுந்துவிடும். பேக்கேஜ் எடுப்பவர்கள், படங்களின் பதிப்புரிமை தங்களுக்கு உரியது என்று காண்ட்ராக்டரிடமும் போட்டோகிராபரிடமும் தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். உரிமையை மாற்றிக் கொடுப்பது, கொடுப்பவர் கையெழுத்திட்ட எழுத்து மூலமாகத்தான் செல்லும் என்கிறது 19-ஆம் பிரிவு; வாய்ச்சொல் போதாது.

பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் கல்யாணங்களில் யார் பெயரில் பில் போடுவது என்பதையும் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் அட்வான்ஸ் கொடுக்கப் போகும் தாய்மாமன் பெயரில் பில் எழுதப்பட்டுவிடுகிறது. மணமக்கள் இருவரின் பெயரும் வாடிக்கையாளராக இருப்பதே சரி என்பது என் கருத்து; முகம் அவர்களுடையது, பின்னாளில் அந்தப் படங்களோடு வாழப் போகிறவர்களும் அவர்கள்தான்.

மூன்றையும் தனித்தனியாகப் பேசுங்கள்

"போட்டோ எல்லாம் எங்களுக்குத் தந்துடணும்" என்று ஒரே மூச்சில் சொல்லும்போது மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பதிப்புரிமை யாருக்கு என்பது ஒன்று. அதை வைத்திருப்பவர் மற்றவருக்கு எந்த அளவுக்குப் பயன்படுத்த அனுமதி தருகிறார் என்பது இன்னொன்று. படத்தில் இருப்பவரின் முகத்தை அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்கு எடுக்கலாமா என்பது மூன்றாவது. இவற்றை ஒரே வரியில் முடிக்கப் பார்த்தால், போட்டோகிராபர் தன் பிழைப்பே போய்விடும் என்று அஞ்சுவார், நீங்கள் ஏமாற்றப்படுவோமோ என்று அஞ்சுவீர்கள்.

போட்டோகிராபரின் தேவை நியாயமானது. வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு சிறிய அறையில் ஸ்டூடியோ நடத்தும் இளைஞருக்கு அடுத்த ஆர்டரைக் கொண்டுவருவது அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கம்தான். அதில் ஒரு படமும் போடக்கூடாது என்று சொன்னால், அவர் விலையைக் கூட்டுவார், அல்லது தலையாட்டிவிட்டுப் பிறகு போடுவார். எனவே முழுவதும் மறுப்பதைவிட, எல்லை வகுத்துக் கொடுப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். இப்படிப் பேசிப் பாருங்கள்: "தம்பி, உங்க பேஜ்ல எங்க படத்தைப் போடுறதுல எங்களுக்கு வருத்தம் இல்ல. ஆனா எந்தெந்தப் படம்னு நாங்க பார்த்துச் சொல்றோம். வேற கடைக்காரங்க யாருக்கும் கொடுக்கக் கூடாது. அதை மட்டும் எழுதிக்கலாம்." இந்தத் தொனியில் கேட்டதற்கு முகம் சுளித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

எழுதும்போது மூன்று அளவுகளைக் குறிப்பிடத் தவறக் கூடாது: எத்தனை படங்கள், எந்த இடங்களில், எவ்வளவு காலம். கால அளவு எழுதப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு எழுதப்படாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் தானாகவே எடுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டு அடுத்த கல்யாணத்துக்கு நாங்கள் எழுதிக்கொண்ட வாசகத்தை அப்படியே தருகிறேன், தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

"இந்நிகழ்வில் எடுக்கப்படும் நிழற்படங்கள், காணொளிகள் அனைத்தின் பதிப்புரிமையும் வாடிக்கையாளர்களான மணமக்கள் இருவருக்கும் கூட்டாக உரியது. வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் எழுத்து மூலம் தேர்ந்து ஒப்புதல் அளிக்கும் 20 படங்களையும், 60 நொடிக்கு மிகாத ஒரு காணொளியையும், போட்டோகிராபர் தம் சொந்த ஆல்பத்திலும், தம் பெயரிலுள்ள சமூக ஊடகப் பக்கத்திலும் 2 ஆண்டுகள் வரை தம் வேலைக்கு எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தலாம். எந்தப் படத்தையும் மூன்றாம் நபருக்கு விற்கவோ, இலவசமாகக் கொடுக்கவோ, ஒப்பனை, ஆடை, நகை, மண்டப விளம்பரங்களுக்கு அளிக்கவோ, படங்களை விற்கும் இணையதளங்களில் ஏற்றவோ, செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்குப் பயிற்சித் தரவாக அளிக்கவோ கூடாது. வாடிக்கையாளர் எழுத்து மூலம் கேட்டால், ஒப்புதல் அளித்த படத்தையும் 7 நாள்களுக்குள் நீக்க வேண்டும்."

இதில் மிக முக்கியமான சொல் "மூன்றாம் நபர்". மணப்பெண்ணுக்கு ஒப்பனை செய்தவர், புடவைக் கடை, மேடை அலங்காரம் செய்தவர் என எல்லோருமே படம் கேட்பார்கள்; போட்டோகிராபரும் தொழில் உறவுக்காகக் கொடுத்துவிடுவார். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

முகத்தின் மீதான உரிமை, பதிப்புரிமையிலிருந்து தனியானது. நம் மாநிலத்திலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கின் 1994-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்கோ வேறு நோக்கத்துக்கோ பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதற்கு எடுத்துக்காட்டு என்று கூறியிருக்கிறது. எனவே பதிப்புரிமையையே விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும், விளம்பரத்துக்கு முகத்தைப் பயன்படுத்தச் சம்மதமில்லை என்ற வரியைத் தனியாகச் சேர்க்கலாம். குழந்தைகள் இருக்கும் படங்களை வெளியிடுவதில்லை என்பதையும் எழுதிவிடுங்கள். மண்ணடி, இராயபுரம் பகுதிகளில் நிக்காஹ் வைத்திருக்கும் குடும்பங்கள், பெண்கள் பகுதியைப் பெண் போட்டோகிராபரே எடுக்க வேண்டும், அந்தப் படங்கள் தனிப் பென்டிரைவில் வர வேண்டும், ஒன்றுகூட எங்கும் ஏறக் கூடாது என்று கேட்பது வழக்கம். அதையும் வாய்ச்சொல்லாக விடாமல் ஒப்பந்தத்தில் ஏற்றுவது நல்லது.

உங்கள் பக்கக் கடமை ஒன்றும் இருக்கிறது. பதிப்புரிமை உங்களுடையதாக இருந்தாலும், தன்னைப் படைப்பாளி என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படத்தைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் 57-ஆம் பிரிவின்படி படமெடுத்தவருக்கு எப்போதும் உண்டு. தரும் படங்களில் ஸ்டூடியோ முத்திரை இருக்கக் கூடாது என்று கேளுங்கள். பதிலுக்கு, பொது வெளியில் நீங்கள் போடும் படத்தில் அவர் பெயரைக் குறிப்பிடுவதாக எழுதிக் கொடுங்கள். அது அவருக்குப் பணத்துக்கு நிகரானது.

உரிமை இருந்தும் கையில் படம் இல்லாத நிலை

பதிப்புரிமை உங்களுடையது என்று எழுதியிருந்தாலும் கோப்புகள் ஸ்டூடியோவின் ஹார்ட் டிஸ்க்கில்தான் கிடக்கின்றன. எனவே எவை, எந்த வடிவில், எந்தத் தேதிக்குள் உங்கள் கைக்கு வரும் என்பது உரிமை வரிக்குச் சமமான கனமுள்ளது. முழு அளவு ஜேபெக் படங்கள் அனைத்தும் வேண்டும் என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் அச்சுக்கு உதவாது. ரா ஃபைல் கேட்டால் பலர் தயங்குவார்கள். நிறம் திருத்தாத, வெளிச்சம் சரிசெய்யாத படம் வெளியே போனால் தம் பெயர் கெடும் என்பது அவர்களுடைய கவலை. அதில் நியாயம் இருக்கிறது. ஆல்பத்துக்குத் தேர்ந்த படங்களின் ரா ஃபைலை மட்டும் கேட்பதும், எல்லாம் வேண்டுமென்றால் தனித் தொகை பேசுவதும் இருவருக்கும் ஒத்துவரும்.

படங்களை இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் அன்றிரவே நகலெடுக்க வேண்டும், உங்களிடம் ஒப்படைத்த பிறகும் ஓராண்டு வைத்திருக்க வேண்டும், அதன் பின் அழிக்க வேண்டும் என்று எழுதலாம். மெமரி கார்டு பழுதாகி ரிசப்ஷன் முழுவதும் போய்விட்ட குடும்பம் ஒன்றை அறிவேன். அந்த மாலை திரும்ப வரவில்லை, யாருக்கு எவ்வளவு திருப்பித் தருவது என்று எழுதிவைக்காததால் பணமும் வரவில்லை.

ஆல்பம் தாமதமாவதில் தவறு இருபக்கமும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து தேர்ந்து கொடுக்காமல் நாமே மாதக்கணக்கில் வைத்திருக்கிறோம். ஆகவே, நிகழ்வு முடிந்து 20 நாளில் பார்வைக்கு எல்லாப் படங்களும், நாம் தேர்ந்து கொடுத்த நாளிலிருந்து 45 நாளில் ஆல்பமும் என்று இரண்டு கெடுக்களாகப் பிரித்து எழுதுவதே சரி. தாமதத்துக்கு வாரத்துக்கு இவ்வளவு கழிவு என்று ஒரு தொகையைக் குறிப்பிடலாம். ஆனால் மிகையான தொகையை எழுதிப் பயனில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, எழுதிய தொகை உச்ச வரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும்.

பணத்தைப் பிரிக்கும் முறையே உங்களுடைய உண்மையான பாதுகாப்பு. மொத்தம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் 15,000, முகூர்த்தம் முடிந்த அன்று 25,000, ஆல்பமும் கோப்புகளும் கைக்கு வந்தபின் 20,000 என்று பிரித்தால், கடைசித் தவணை ஆல்பத்தை இழுத்துக்கொண்டு வரும். கல்யாணத்தன்றே முழுப் பணமும் வேண்டும் என்று சொல்பவரிடம், கடைசித் தவணையைக் குறைத்தாவது ஒரு பகுதியை நிறுத்திக்கொள்ளுங்கள். சொன்ன தொகையில் ஜி.எஸ்.டி. அடக்கமா என்றும் கேட்க வேண்டும். 18 சதவீதம் பிறகு சேர்ந்தால் கணக்கே மாறிவிடும். பதிவு எண் இல்லாத ஸ்டூடியோ அந்த வரியை வசூலிக்க முடியாது.

பேசும்போது மறந்துபோகும் சில வரிகள்

நம் கல்யாணம் முதல்நாள் மாலை ரிசப்ஷனில் தொடங்கி மறுநாள் விடியற்காலை முகூர்த்தத்தில் முடிகிறது. இது ஒரு நாள் வேலையா, இரண்டு நாள் வேலையா என்பதில்தான் பாதிச் சண்டை வருகிறது. தொடங்கும் நேரம், முடியும் நேரம், கூடுதல் மணிக்கு எவ்வளவு, எத்தனை ஆட்கள், எத்தனை கேமரா என்று எழுதுங்கள். நீங்கள் யாருடைய படங்களைப் பார்த்து மயங்கி அட்வான்ஸ் கொடுத்தீர்களோ, அவரே வருவார் என்பதையும் பெயரோடு எழுதுங்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாள்களில் ஒரே ஸ்டூடியோ மூன்று மண்டபங்களுக்கு ஆள் அனுப்புகிறது; அவர் வர முடியாமல் போனால் மாற்றாக வருபவர் யார், உங்கள் சம்மதம் தேவையா, தொகை குறையுமா என்பது முன்பே தெரிய வேண்டும்.

தேதி மாற்றத்தைப் பற்றிய வரி வடசென்னைக்காரர்களுக்கு அலங்காரம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருக்களில் நின்ற தண்ணீரை நாம் மறக்கவில்லை. வெள்ளம், புயல், நெருங்கிய உறவினர் மரணம் ஆகிய காரணங்களால் தேதி தள்ளினால், போட்டோகிராபர் ஓய்வாக இருக்கும் வேறொரு நாளுக்கு அட்வான்ஸ் அப்படியே மாற வேண்டும். வேறு காரணத்துக்காக நாமே ரத்து செய்தால் அட்வான்ஸில் ஒரு பகுதியை அவர் வைத்துக்கொள்வது முறைதான். அந்த முகூர்த்த நாளுக்கு வந்த வேறு ஆர்டரை அவர் நமக்காக விட்டிருப்பார்.

அவுட்டோர் ஷூட் எடுப்பவர்கள் அனுமதி யார் பொறுப்பு என்பதை எழுத வேண்டும். 1856-இல் திறந்த இராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்கள் படத்துக்கு அழகானவை, ஆனால் தொழில்முறைப் படப்பிடிப்புக்கு ரயில்வேயின் அனுமதி வேண்டும். டிரோன் பறக்கவிடுவதாகச் சொன்னால் 2021 டிரோன் விதிகளின்படி அது பதிவு செய்யப்பட்டதா, அந்த இடம் தடை மண்டலத்தில் வருகிறதா என்று கேளுங்கள். துறைமுகமும் அனல் மின்நிலையமும் உள்ள கரை இது. அபராதமோ பறிமுதலோ நேர்ந்தால் அது போட்டோகிராபரின் பொறுப்பு என்று ஒரு வரி போதும்.

கடைக்காரர்களுக்கு

எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவர் பண்டிகைக்குப் படமெடுக்கும்போது கணக்கு வேறு. பதிப்புரிமை முழுவதையும் வாங்காமல், ஒரு தீபாவளிப் பருவத்துக்கு, பேனருக்கும் சமூக ஊடகத்துக்கும் மட்டும் உரிமம் வாங்கினால் விலை குறையலாம். அப்படியானால் போட்டி கடைக்கு அதே படத்தைத் தரக் கூடாது என்பதைச் சேர்க்க வேண்டும். மாடலாக நிற்பவரிடம், அவர் கடையில் வேலை செய்யும் பெண்ணாகவே இருந்தாலும், தனிச் சம்மதக் கடிதம் வாங்குங்கள். வேலையை விட்டுப் போன பிறகும் அவர் முகம் ஷட்டரில் தொங்கலாமா என்பதை அந்தக் கடிதம் தீர்மானிக்கும். அந்தப் பெண்ணுக்கும் அது பாதுகாப்பு.

கையெழுத்தும் அதன் பிறகும்

ஸ்டூடியோவின் அச்சடித்த பில்லில் ஏற்காத வரி இருந்தால், அதைப் பேனாவால் அடித்து, அடித்த இடத்தின் ஓரத்தில் இருவரும் சுருக்கொப்பம் இட வேண்டும். உங்கள் வரிகளைத் தனித்தாளில் எழுதினால், "பில்லின் நிபந்தனைகளுக்கும் இந்த ஒப்பந்தத்துக்கும் முரண்பாடு வந்தால் இந்த ஒப்பந்தமே செல்லும்" என்ற வாசகத்தைச் சேருங்கள். முத்திரைத்தாளில் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது. அது முடியாத இடத்தில் வாட்ஸ்அப்பில் முழு நிபந்தனைகளையும் அனுப்பி, "ஒப்புக்கொள்கிறேன்" என்று பதில் வாங்குங்கள். மின்னணு வழியில் ஏற்பட்டது என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

மீறல் நடந்தால், முதலில் தேதியிட்ட எழுத்து மூலம் கேளுங்கள். பேனரோ பதிவோ இறங்குவதற்கு முன், தேதி தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். கோபத்தில் பேனரைக் கிழித்துவிட்டால் சான்றும் போய்விடும். ஆல்பம் வராதது, படம் தொலைந்தது போன்ற சேவைக் குறைபாடுகளுக்கு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய ஆணையத்திலேயே, அதாவது நம்மவர்கள் சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே, 2 ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. சமூக ஊடகத்தில் படம் ஏறியிருந்தால், அந்தத் தளத்தின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தில், பதிப்புரிமை மணமக்களுக்கு உரியது என்ற வரி உள்ள பக்கத்தை இணைத்து அனுப்புங்கள்.